ஏழு சென்டிமீட்டர் கூடுதல்

அசையாதீங்க சார், அப்படியே உக்காந்திருங்க! லாரி வருது... வருது... இருங்க, கையில இருக்கறதக் கீழ வெச்சுடறேன்... தடால்! பாத்தீங்களா? சரி, பாக்க வேணாம், கேட்டீங்களா? கண்ணாடி இல்லாம உங்களுக்கு எங்க தெரியப்போகுது. அதோ, அலமாரியில ரெண்டு பிரேம் குப்புற விழுந்து கெடக்கு. காலையில கடை தொறந்ததுலேருந்து இது பதினாலாவது வாட்டி. எடுத்து வெக்கறேன், விழுது, எடுத்து வெக்கறேன், விழுது. கண்ணாடிக்கடை வெச்சதுக்குப் பதிலா எங்கயாவது மைதானத்துல பந்து பொறுக்கிப் போடற வேலைக்குப் போயிருக்கலாம், நல்ல காத்தாவது வந்திருக்கும்.

உங்க கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகல சார், பயப்படாதீங்க. லென்ஸ் ரெண்டும் முழுசா இருக்கு. வலது காதுல மாட்டற கை மட்டும் தனியா வந்துடுச்சு, அவ்வளவுதான். ஸ்க்ரூ போயிடுச்சு. எங்க போச்சுன்னு தேடவே தேடாதீங்க. வாசல்ல இருக்கற அந்த ஸ்பீட் பிரேக்கர் மேட்டைச் சுத்தி இந்நேரம் ஒரு கிண்ணம் நெறைய ஸ்க்ரூ கெடக்கும். இந்த வாரத்துல மட்டும் நீங்க ஒம்பதாவது ஆளு. ஸ்கூட்டர்ல வர்றாங்க, எம்பறாங்க, கண்ணாடி பறக்குது, தடவித் தடவி நேரா என் கடைக்கு வர்றாங்க. போன வாரம் ஒரு அம்மாவுக்குப் பல்செட்டே பறந்துடுச்சு. நேரா இங்க வந்து நிக்கறாங்க! அதுக்கு ஸ்க்ரூ கெடையாதும்மான்னு சொல்லி அனுப்பி வெச்சேன்.

காசா? ஐயய்யோ, காசெல்லாம் வேணாம்! உள்ள வைங்க. வைங்கன்னு சொல்றேன்ல! அந்த மேட்டுல ஏறிட்டு வர்றவங்ககிட்ட நான் காசு வாங்கறதில்ல. ஏன்னா... ஏன்னா வாங்கறதில்ல, அவ்வளவுதான். கடைக்காரி சும்மா குடுத்தா வாங்கிக்கணும் சார், காரணம் கேக்கக் கூடாது.

நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். ரோட்டை யாரு போடறாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். போடும்போது பக்கத்துல நின்னு யாரு பாக்கறாங்க? அளவு சரியா இருக்கான்னு குனிஞ்சு யாரு பாத்தாங்க? ஸ்பீட் பிரேக்கர்னா பத்து சென்டிமீட்டர் உசரம் இருக்கணும். நகராட்சியே போட்ட விதி அது. இப்ப எவ்வளவு இருக்கு தெரியுமா? பதினேழு! நானே ஸ்கேலை எடுத்துட்டுப் போய், நடுரோட்டுல முட்டி போட்டு அளந்தேன். ஏழு சென்டிமீட்டர் கூடுதல்! என் தொழில்ல ஒரு மில்லிமீட்டர் தப்பினா மனுஷனுக்குத் தலைவலி வந்துடும் சார். ரெண்டு கண்ணுக்கும் நடுவுல இருக்கற தூரம் இருக்கு பாருங்க, அதை நான் மூச்சைப் பிடிச்சுட்டு அளப்பேன். இவங்க என்னடான்னா ஏழு சென்டிமீட்டரை வாரி வழங்கிட்டுப் போயிருக்காங்க.

எங்க கெளம்பிட்டீங்க? சார்... சார்! அந்தப் பக்கம் வாசல் இல்ல, அது நிலைக்கண்ணாடி. எதிர்ல வர்றது நீங்கதான். வழி விட மாட்டாரு அவரு, இப்படி வந்து உக்காருங்க. ஒரு காதுல மட்டும் மாட்டிட்டு எப்படி வண்டி ஓட்டுவீங்க? அஞ்சே நிமிஷம். அப்படி என்ன அவசரம்? நகராட்சி ஆபீசுக்கா! பேத்தியோட பொறப்புச் சான்றிதழா? சந்தோஷம், சந்தோஷம். அந்த ஜன்னல் ஒரு மணி வரைக்கும் தொறந்திருக்கும். பொறந்தது பொறந்தாச்சு, ஒரு அஞ்சு நிமிஷத்துல குழந்தை இல்லேன்னு ஆயிடுமா?

பின்னாடி ரூம்ல கர்ருனு ஒரு சத்தம் கேக்குதுல்ல? அது எங்க வீட்டுக்காரர். சக்கரத்துல வெச்சு லென்ஸ் தேய்க்கறாரு. அவரு பேசவே மாட்டாரு சார், எனக்கும் சேத்து அவர் சும்மா இருக்காரு, அவருக்கும் சேத்து நான் பேசறேன், குடும்பம் நல்லா ஓடுது. ஆனா அந்த மேடு வந்ததுலேருந்து அவரு பாடு திண்டாட்டம். சக்கரத்துல லென்ஸ் இருக்கும்போது ஒரு தடால் வந்துதுன்னா முடிஞ்சுது, ஓரம் சில்லு போயிடும். அதனால இப்ப காதைத் தீட்டி வெச்சிருக்காரு. தெரு முனையில வண்டி திரும்பும்போதே லென்ஸைத் தூக்கிடுவாரு. பாருங்க, பாருங்க, சத்தம் நின்னுடுச்சு பாருங்க! இப்ப ஏதோ வருது... வேன்... தடால்! சொன்னேன்ல? மறுபடியும் கர்ரு. அவரு மூளை அவ்வளவு வேலை செய்யுது.

எதிர்ல ஒரு முட்டைக்கடை இருக்கே, மங்கலாவாவது தெரியுதா? வெள்ளையா அடுக்கி இருக்கறது முட்டை. அதுக்குப் பக்கத்துல வெள்ளையா நிக்கறது என் நாத்தனார். அவளுக்கும் இதே கதைதான். முட்டை ஏத்திட்டு வர்ற வண்டி இந்த மேட்டுல ஏறி எறங்கினதும் அடித்தட்டு முழுக்க விரிசல். தெனமும் ஒரு வாளி உடைஞ்ச முட்டையைத் தூக்கிட்டு வந்து என் வாசல்ல நின்னு, "அண்ணி, இதை என்ன பண்ணட்டும்?"னு கேக்கறா. மூணு மாசமா எங்க வீட்டுல காலையில முட்டை, மத்தியானம் முட்டை, ராத்திரி முட்டை. எங்க வீட்டுக்காரர் அன்னிக்கு வாயைத் தொறந்து ஒரு வார்த்தை பேசினாரு. என்ன வார்த்தைன்னு நெனைக்கறீங்க? "மறுபடியுமா?"

ஆனா ஒண்ணு சொல்லணும் சார், நியாயத்தைச் சொல்லணும். அவ அங்க நின்னு சத்தம் போடறதே இந்த மேட்டாலதான். இல்லேன்னா எப்பவோ அவ போட்டோவை மாட்டியிருப்போம்.

எப்படின்னா... ஸ்க்ரூ எங்க வெச்சேன்? இந்தா இருக்கு. எப்படின்னா, இந்த ரோடு முன்னாடி குண்டும் குழியுமா கெடந்துச்சு. அப்ப யாரும் வேகமாப் போக முடியாது. ஒவ்வொரு குழியையும் விசாரிச்சுட்டுத்தான் போகணும். போற போக்குல எங்க கடையைப் பாப்பாங்க, ஓ, கண்ணாடிக்கடை இருக்கேன்னு எறங்குவாங்க. அப்புறம் சாலை மேம்பாடுன்னு வந்து, அகலப்படுத்தி, புதுசாத் தார் போட்டாங்க. அப்பப்பா, என்ன ரோடு! வழுவழுன்னு, மொகம் பாத்துக்கலாம். மறுநாளே பறக்க ஆரம்பிச்சுட்டாங்க. சர்ரு சர்ருன்னு போறாங்க. என் கடை இருக்கறதே ஒருத்தன் கண்ணுக்கும் தெரியல.

ஒரு நாள் நாத்தனார் டீ எடுத்துட்டு ரோட்டைத் தாண்டி வர்றா. தெனமும் பதினொரு மணிக்கு அவ டீ, நான் பன்னு. வேன்காரன் ஒருத்தன் வந்தான் பாருங்க... நான் வாசல்ல நின்னு பாத்துட்டு இருக்கேன். கத்தணும்னு வாயைத் தொறக்கறேன், சத்தம் வரல. எனக்கு! எனக்கு சத்தம் வரல சார்! அவ புடவை நுனியை உரசிட்டுப் போயிட்டான். டீ கிளாஸ் ரெண்டும் எங்கயோ போய் விழுந்துச்சு. அவ நடுரோட்டுல அப்படியே சிலை மாதிரி நிக்கறா. அவளை இழுத்துட்டு வந்து இதே ஸ்டூல்ல உக்கார வெச்சேன். அரை மணி நேரம் ரெண்டு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுட்டு உக்காந்திருந்தோம். எங்களுக்குள்ள ஆயிரம் சண்டை உண்டு, அதெல்லாம் அன்னிக்கு ஒண்ணுமே இல்லேன்னு ஆயிடுச்சு. மறுநாள் மறுபடியும் ஆரம்பிச்சுட்டோம், அது வேற விஷயம்.

அன்னிக்கே முடிவு பண்ணேன், இந்த எடத்துல ஸ்பீட் பிரேக்கர் வந்தே ஆகணும். ஆமா சார், நான்தான் கேட்டேன். அப்படிப் பாக்காதீங்க. உங்களுக்குத்தான் தெரியலயே, எதுக்குப் பாக்கறீங்க? கேட்டது தப்பா? கேட்டது நூத்துக்கு நூறு சரி. அதுல கொஞ்சம்... வண்டி மெதுவாப் போனா நம்ம போர்டையும் நாலு பேரு படிப்பாங்கன்னு ஒரு சின்ன நெனப்பும் இருந்துச்சு. முக்கால்வாசி பாதுகாப்பு, கால்வாசி வியாபாரம். சரி... பாதிக்குப் பாதி. விடுங்க.

நகராட்சியில இதுக்குன்னே ஒரு குழு இருக்கு. பொதுப் பாதுகாப்பு மற்றும் சாலை மேம்பாட்டுக் குழு. பேரைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள வாசல்ல நாலு வண்டி போயிடும். மாசத்துல ரெண்டு செவ்வாய்க்கிழமை, மாடியில, நீளமான ஒரு மேஜை போட்டு உக்காருவாங்க. நடுவுல தலைவியம்மா. யாரு வேணாலும் போய்ப் பேசலாம். நான் போய் நின்னேன். "இதுவரைக்கும் எத்தனை விபத்து நடந்திருக்கு?"ன்னு தலைவியம்மா கேட்டாங்க. ஒண்ணும் நடக்கலம்மான்னேன். "அப்புறம் என்ன?"ன்னாங்க. "என் நாத்தனாரு புடவை நுனி போயிருக்கு. அடுத்தது அவ கால்தான். அது நடந்தப்புறம்தான் போடுவீங்கன்னா சொல்லிடுங்க, நான் அவகிட்ட சொல்லி ஒரு காலை நீட்டச் சொல்றேன்"ன்னேன். மொத்த ஹாலும் கைதட்டுச்சு சார்! அந்தக் கைதட்டல் இருக்கே, அதுதான் என் தலைக்கு ஏறிடுச்சு. அன்னிக்கே ஒத்துக்கிட்டாங்க.

அசையாதீங்க, இப்பத்தான் ஸ்க்ரூவை ஓட்டையில வெக்கப்போறேன். கடுகுல பாதி இருக்கு. வீட்டுக்காரரே, தெருவுல ஏதாவது வருதா? ... பதில் இல்லேன்னா வரலேன்னு அர்த்தம். இப்ப மூச்சு விடாதீங்க... உங்களைத்தான் சொல்றேன்... பேசாம இருங்க... ஓ, நான்தான் பேசறேனா? சரி... ஆங், உக்காந்துடுச்சு. இனி ரெண்டு சுத்து சுத்தினா போதும்.

நேத்து வரைக்கும் நான் என்ன சொல்லிட்டு இருந்தேன்? ரோடு போட்ட மேஸ்திரிதான் தப்பு, மேற்பார்வை பாத்தவன் அவனுக்கு மேல தப்புன்னு. கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொன்னேன். சொன்னதோட விட்டேனா? வாயும் சும்மா இல்ல, கையும் சும்மா இல்ல. போன மாசம் ஒரு நல்ல லென்ஸ் சக்கரத்துல சில்லு போச்சு. வந்த ஆத்திரத்துல பேப்பரை எடுத்து எழுதினேன். "எங்கள் கடை வாசலில் உள்ள வேகத்தடை விதியை மீறி உயரமாகப் போடப்பட்டுள்ளது. இந்த வேலையை மேற்பார்வை செய்தவர் யார்? அவர் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பார்த்தாரா? உடனே விசாரிக்கவும்." இப்படி எழுதி, கடை முத்திரையைக் குத்தி அனுப்பினேன். கண்ணைத் திறந்துங்கற எடத்துல ரெண்டு கோடு வேற போட்டேன்.

அதுக்குப் பதிலை இன்னிக்குக் காலையில நகராட்சி ஆளு கொண்டுவந்து குடுத்தான். இந்தா, இந்தக் கடுதாசிதான். உங்களால படிக்க முடியாது, நானே படிக்கறேன். "தங்கள் புகார் பெறப்பட்டது. வேகத்தடையின் உயரம் அளக்கப்பட்டதில் விதிக்கு மேல் ஏழு சென்டிமீட்டர் இருப்பது உறுதியாகிறது." பாத்தீங்களா, என் கணக்கு சரி! "இது தொடர்பாக வேலை செய்த மேஸ்திரி மீது இறுதி விசாரணை இன்று முற்பகல் பதினொன்றரை மணிக்கு நடைபெறும். தவறு உறுதியானால் அவர் பெயர் ஒப்பந்தப் பணியாளர் பட்டியலிலிருந்து நீக்கப்படும்." சரியா? இப்ப அடுத்த வரியைக் கேளுங்க. "தாங்கள் கேட்ட விவரம்: மேற்பார்வை செய்தவர்..."

இருங்க, தண்ணி குடிச்சுக்கறேன்.

"மேற்பார்வை செய்தவர்: தாங்களே."

சிரிக்காதீங்க சார்! சிரிக்காதீங்க... சரி, சிரிங்க. எனக்கும் காலையில முதல்ல சிரிப்புதான் வந்துச்சு. கீழ என் கையெழுத்தோட நகலை வேற ஒட்டி அனுப்பியிருக்காங்க. என் கையெழுத்து பெருசா வேற இருக்கும், கடைசி எழுத்தோட வாலை இழுத்து அடியில ஒரு கோடு போடுவேன். இல்லேன்னு சொல்லவே முடியாது.

எப்படின்னு கேளுங்க. எந்தத் தெருவுல வேலை நடந்தாலும் அந்தத் தெருக்காரங்க ஒருத்தரை மேற்பார்வைக்கு நிறுத்தணும்னு குழுவுல ஒரு ஏற்பாடு இருக்கு. தெருவாசி மேற்பார்வையாளர்னு பேரு. நல்ல ஏற்பாடுதான், இல்லேன்னு சொல்ல மாட்டேன். கைதட்டு வாங்கினது நான்தானே, என்னையே போட்டுட்டாங்க. மஞ்ச கலர்ல கை இல்லாத சட்டை ஒண்ணு குடுத்தாங்க. அளவுக் கட்டை ஒண்ணு குடுத்தாங்க. மரக்கட்டை சார், அடிப்பக்கம் வில்லு மாதிரி வளைஞ்சிருக்கும். வேலை முடிஞ்சதும் அதை அந்த மேட்டு மேல கவுத்து வெச்சா கச்சிதமாப் பொருந்தணும். தூக்கிட்டு நின்னா உசரம் கூடன்னு அர்த்தம். சின்னக் குழந்தை கூட கண்டுபிடிச்சுடும். அப்புறம் மூணு தாள்ல கையெழுத்து வாங்கினாங்க. ஒண்ணு சட்டைக்கு, ஒண்ணு கட்டைக்கு, மூணாவது எதுக்குன்னு நான் படிக்கவே இல்ல. சட்டை எனக்குப் பொருத்தமா இருக்கான்னு அந்த நிலைக்கண்ணாடியில பாத்துட்டு இருந்தேன். மூணாவது தாள், "அளவு சரிபார்த்தேன்." மேடு போடறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே சரி பாத்துட்டேன் சார் நான்!

கட்டையை என்ன பண்ணேனா? அதைக் கேக்காம இருந்தா உங்களுக்குத் தூக்கம் வராதா? உங்க முழங்கை எது மேல இருக்குன்னு தடவிப் பாருங்க. ஆமா, அதேதான். அந்த வளைவைத் திருப்பி வெச்சா பிரேம் அடுக்க அவ்வளவு எடுப்பா இருந்துச்சு. இருபத்திரெண்டு பிரேம் நிக்கும். வேலை நடந்த அன்னிக்கு அது ஷோகேஸ்ல புது மாடல் பிரேமை எல்லாம் தாங்கிட்டு நின்னுச்சு. அதை எடுத்தா எல்லாத்தையும் கலைக்கணுமேன்னு எடுக்கல.

தடால்! ஐயோ, இது யாரு, சொல்லாம கொள்ளாம... சைக்கிள். சைக்கிளுக்கே இந்தச் சத்தம் பாருங்க.

என்ன கேட்டீங்க? நல்லாக் கேட்டீங்க. அளக்காதது உங்க தப்பு, உசரமாப் போட்டது மேஸ்திரி தப்புதானேன்னு கேக்கறீங்க. இவ்வளவு நேரம் சும்மா இருந்துட்டு, கேட்டா சரியா அதையே கேக்கறீங்க.

அவரு முதல்ல சரியாத்தான் போட்டாரு சார். கயிறு கட்டி, கூட ஆறு பேரை வெச்சுட்டு, குழந்தைக்குத் தலை சீவற மாதிரி பாத்துப் பாத்துப் போட்டாரு. உசரமா, ஒல்லியா இருப்பாரு, மூக்குக் கண்ணாடியை நூல் போட்டுப் பின்னாடி கட்டியிருப்பாரு. நான் வாசல்ல மஞ்ச சட்டையோட நிக்கறேன். ஒரு கார் வந்துச்சு, அது மேல ஏறி, மெத்தையில ஏறற மாதிரி ஏறிட்டு, சர்ருன்னு போயிடுச்சு. எனக்குப் பொசுக்குன்னு ஆயிடுச்சு. இதுக்கா நான் மாடி ஏறிப் பேசினேன்? பாத்தா வண்டியில இன்னும் தார்க்கலவை மீதி இருக்கு, ஆவி பறக்குது. நான் சொன்னேன், "மேஸ்திரி, மீந்ததை எதுக்குத் திருப்பி எடுத்துட்டுப் போறீங்க? இன்னும் கொஞ்சம் போடுங்களேன்." சாப்பாடு போடறவங்ககிட்ட இன்னும் ஒரு கரண்டின்னு கேப்போமே, அதே மாதிரி கேட்டேன். அவரு, "அம்மா, அளவு முடிஞ்சுதும்மா"ன்னாரு. "மேற்பார்வை நானா நீங்களா?"ன்னேன். சொன்னேன் சார். இந்த வாயாலதான் சொன்னேன். மஞ்ச சட்டை போட்டா எனக்கே நான் யாருன்னு தெரியல. கழட்டினதும் மேற்பார்வை பாத்தது யாருன்னும் மறந்துட்டேன்.

சிரிச்சுட்டே போட்டாரு. ஒரு தட்டு போட்டு ரோலரை ஏத்தி, "போதுமாம்மா?"ன்னாரு. இன்னொரு தட்டுன்னேன்.

சரி, அதைக்கூட விடுங்க. போன வாரம் முதல் விசாரணைக்கு அவரைக் கூப்பிட்டிருக்காங்க. முட்டை விஷயமா நாத்தனாரும் அங்க போயிருந்தா. வந்து சொல்றா, "அண்ணி, அந்த ஆளு ஒத்துக்கிட்டாரு அண்ணி! கயிறு தளர்ந்துடுச்சு, என் தப்புதான்னு சொல்லிட்டாரு"ன்னு ஒரே சந்தோஷம் அவளுக்கு. நான் என்ன பண்ணேன்? பன்னைப் பிச்சு டீயில நனைச்சு, ஓஹோ அப்படியான்னேன். ஒரு வார்த்தை சொல்லல. எனக்கு வாய் இருக்குன்னு ஊரே சொல்லுது சார், அன்னிக்கு எங்க போச்சு அந்த வாய்?

நேத்து அவரு இந்தப் பக்கமா நடந்து போனாரு. கூப்பிட்டேன். மொகத்தைப் பாக்க முடியல, அதனால கண்ணாடியைக் குடுங்க, துடைச்சுத் தர்றேன்னு வாங்கி வெச்சுக்கிட்டேன். அவருக்கு அது இல்லேன்னா ஒண்ணும் தெரியாது, அப்பத்தான் என்னால கேக்க முடிஞ்சுது. "ஏன் என் பேரைச் சொல்லல?"ன்னேன். அவரு சொல்றாரு, "நீங்க ஆசைப்பட்டுக் கேட்டீங்கம்மா. கேக்கறது யாரு வேணா கேப்பாங்க. போட்டது என் கைதானே." அவ்வளவுதான். இன்னிக்கு விசாரணைன்னு கூட அவரு சொல்லல. காலையில கடுதாசியைப் பாத்துத்தான் எனக்கே தெரியும். பட்டியல்லேருந்து பேரை எடுத்துட்டா அவருக்கு மட்டுமா வேலை போகும்? அந்த ஆறு பேருக்கும்தானே.

காலையிலேருந்து இதைப் பத்துவாட்டி படிச்சுட்டேன். போகலாமா, வேணாமா. போனா மேஜைக்கு எதுக்க நின்னு சொல்லணும். அன்னிக்குக் கைதட்டின அதே ஹாலு. அதே தலைவியம்மா. வெக்கமா இருக்கு சார். அதான் வர்றவங்க எல்லார்கிட்டயும் நகராட்சியைத் திட்டிட்டு உக்காந்திருக்கேன். திட்டறவரைக்கும் நேரம் போகுது. பதினொன்றரை தாண்டிடுச்சுன்னா, அடடா, நேரமாயிடுச்சேன்னு சொல்லிக்கலாம்ல...

உஷ். எங்க வீட்டுக்காரர் சக்கரத்தை நிறுத்திட்டாரு. வண்டி எதுவும் வரலயே? என்னங்க? ... பாருங்க சார், வாசல்ல வந்து நிக்கறாரு. கையில என் செருப்பு. ஒண்ணும் சொல்லாம கால்கிட்ட வெச்சுட்டுப் போறாரு பாருங்க. முப்பது வருஷத்துல இவ்வளவு நீளமா அவரு பேசினதே இல்ல.

இந்தாங்க, கண்ணாடி ஆயிடுச்சு. மாட்டுங்க. காதுல உறுத்துதா? மூக்குல சரியா உக்காருதா? தெரியுதா இப்ப? ஐயோ, என் மொகத்தைப் பாக்காதீங்க, அந்தக் கடிகாரத்தைப் பாருங்க. மணி என்ன? பதினொண்ணே காலா!

சார்... இல்ல, சார்னு கூப்பிட்டா உதவி கேக்க முடியாது, அண்ணேன்னு கூப்பிடறேன். அண்ணே, நீங்களும் நகராட்சி ஆபீசுக்குத்தானே போறீங்க? உங்க ஸ்கூட்டர்ல பின்னாடி எடம் இருக்குல்ல? நான் ஒண்ணும் பேசாம வருவேன். சத்தியமா. என்னங்க, கடையைப் பாத்துக்கங்க! இந்தப் பிரேமை எல்லாம் எறக்கிட்டு அந்தக் கட்டையை எடுங்க, குழு முன்னாடி வெக்கணும். விழட்டும், விழட்டும், ஒடஞ்சா ஒடஞ்சுட்டுப் போகுது. நாத்தனாரே! டீ வேணாம்! நான் போய் ஒரு விஷயத்தைச் சொல்லிட்டு வர்றேன், நீயும் கடையைச் சாத்திட்டு வா! அப்புறம் என்னை எப்ப வேணாலும் திட்டிக்கோ!

நல்லா உக்காந்துட்டேன் அண்ணே, எடுங்க வண்டியை. அந்தப் பக்கம் எங்க திருப்பறீங்க? ஆபீசைத் தாண்டி வந்துட்டீங்க, அது நீங்க வந்த பக்கமே இருக்கு, மறுபடியும் இது மேல ஏறித்தான் போகணும். எனக்கு என்ன பயம்? நான் போட்ட மேடு. போட்டதுலேருந்து வண்டியில இது மேல ஏறினதே இல்ல, அது வேற விஷயம். மெதுவா... மெதுவா அண்ணே... மெது...

அம்மாடி!

ஐயோ என் இடுப்பு... எலும்பெல்லாம் எடம் மாறிடுச்சு... இதையா நான் இன்னொரு தட்டு கேட்டேன்! நிறுத்தாதீங்க அண்ணே, எனக்கு ஒண்ணும் ஆகல, கட்டையும் கையிலதான் இருக்கு. போங்க, வேகமாப் போங்க. எனக்கு முன்னாடி அவரைக் கூப்பிட்டுட்டாங்கன்னா, அந்த மனுஷன் மறுபடியும் கயிறு தளர்ந்துடுச்சுன்னு சொல்லிடுவாரு.